‘சத்யாக்ரஹா’ 1985 பதிவு: கீதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய அமெரிக்க ஒபெரா

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் காந்தியைப் பற்றி எழுதிய ‘சத்யாக்ரஹா’ என்ற ஒபெராவை (பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம்) முதன்முறையாகத் தேடிப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது 1985இல் சிபிஎஸ் மாஸ்டர்வொர்க்ஸ் வெளியிட்ட பதிவுதான். நியூயார்க் சிட்டி ஒபெராவின் வாத்தியக் குழுவும் கோரஸும் (கூட்டுக்குரல் குழு) பங்கேற்க, கிறிஸ்டோபர் கீன் நடத்தியிருக்கிறார். காந்தியாகப் பாடுபவர் டக்ளஸ் பெர்ரி. மூன்று அங்கங்கள், மூன்று சிடிக்கள். இப்போது சோனி பெயரில் கிடைக்கிறது, ஸ்ட்ரீமிங் தளங்களிலும் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கத் தகுந்த பதிவு. ஆனால் அப்படியே ஓடவிட்டால் ஏமாற்றும். கதை கேட்கப் போகிறோம் என்று உட்கார்ந்தவர் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார்.

காரணம் படைப்பிலேயே இருக்கிறது. மேடையில் நடப்பது தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம். பாடப்படுவதோ முழுக்க முழுக்க பகவத் கீதை, அதுவும் சமஸ்கிருதத்தில். கிளாஸும் எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் டிஜாங்கும் சேர்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் பொருந்தும் சுலோகங்களைக் கீதையிலிருந்து எடுத்து வைத்தார்கள். காட்சியில் காந்தியை அடிக்கக் கூட்டம் துரத்தும். பாட்டில் பதினாறாம் அத்தியாயத்து அசுரர்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. இரண்டையும் முடிச்சுப் போடுவது பார்வையாளரின் வேலை. இசைத்தட்டில் முதல் பாதி போய்விடுகிறது, மிஞ்சுவது சுலோகம் மட்டும். ஒவ்வொரு அங்கத்துக்கும் மேலே சாட்சியாக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்: முதல் அங்கத்துக்கு டால்ஸ்டாய், இரண்டாவதுக்கு தாகூர், மூன்றாவதுக்கு மார்ட்டின் லூதர் கிங். மூவரும் ஒரு வார்த்தை பாடுவதில்லை. ஆகவே ஒலிப்பதிவில் அவர்கள் இருந்த சுவடே தெரியாது.

ஆகவே இந்தப் பதிவுக்கு ஒரு கீதைப் புத்தகம் வேண்டும். மூலச் சுலோகத்தைத் தமிழ் எழுத்தில் தந்து கீழே பொருளும் போட்ட பதிப்பு எதுவானாலும் போதும். க, ச, ட, த, ப மேல் 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும் பதிப்பானால் இன்னும் வசதி. பாடகர் எங்கே உச்சரிப்பைக் கோட்டை விடுகிறார் என்பதும் தெரிந்துவிடும். சிடியோடு வரும் கையேட்டில் பாடல்வரிகள் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் அதுவும் இல்லை.

எந்தக் காட்சிக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று பார்ப்போம். முதல் அங்கம், முதல் காட்சி ‘குரு தேசத்து நீதிக்களம்’. தந்திக் கருவிகளின் மேல் காந்தி தனியாகத் தொடங்குவது 1.23 (முதல் அத்தியாயம், 23ஆம் சுலோகம்), ‘யோத்ஸ்யமானான் அவேக்ஷேஹம்’. அங்கிருந்து 1.25 வரை போய், அர்ஜுனன் சேர்ந்ததும் 2.7, ‘கார்ப்பண்ய தோஷோபஹத’. பிறகு கிருஷ்ணன் நுழைந்ததும் 2.38, ‘சுகதுக்கே ஸமே க்ருத்வா’. ஒரு குரல், இரண்டு குரல், மூன்று குரல் என்று ஏறும் கட்டமைப்பு இது. அடியில் ஒரே சுரத்தொடர் திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டே இருக்கும். மேற்கத்திய இசையில் இதற்கு ஷகோன் என்று பெயர். மூன்று குரலும் சேரும் இடம் வந்தபோதுதான், அதுவரை திரும்பத் திரும்ப வந்தது சலிப்பூட்டவா கட்டியெழுப்பவா என்பது விளங்கும். அதுவரை பொறுக்க வேண்டும்.

காந்தியும் தோழர்களும் கூடி வாழ்ந்த ‘டால்ஸ்டாய் பண்ணை’க் காட்சிக்கு 5.4, சாங்கியமும் யோகமும் வேறு வேறு என்பவர் குழந்தைகள் என்ற சுலோகம். ‘சபத’க் காட்சிக்கு 3.10 முதல், வேள்வியைப் பற்றிய பகுதி. இரண்டாம் அங்கத்தின் ‘எதிர்ப்பும் மீட்பும்’ காட்சிக்கு 16.13, ‘இதமத்ய மயா லப்தம்’: இன்று இது கிடைத்தது, நாளை அதையும் அடைவேன் என்கிற அசுரக் கணக்கு. வெள்ளையர் கூட்டமாக வரும் ஆண்கள் கோரஸ் ‘ஹா ஹா ஹா’ என்று தாளத்தில் சிரிக்கும். முதலில் வேடிக்கையாக இருக்கும் அந்தச் சிரிப்பு விடாமல் வரவர வயிற்றைப் பிசையும். கோரஸுக்கு இந்தப் பதிவில் அமைந்த மிகச் சிறந்த இடம் இது. காந்தியின் பத்திரிகையைப் பற்றிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ காட்சிக்கு 3.19, ‘தஸ்மாத் அஸக்த: ஸததம்’. இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளை எரிக்கும் ‘கண்டன’க் காட்சிக்கு 12.13, ‘அத்வேஷ்டா ஸர்வபூதானாம்’. கடைசி அங்கம் முழுக்க ‘நியூகாஸில் நடைப்பயணம்’ என்ற ஒரே காட்சி. அது முடிவதும் ஒபெரா முடிவதும் 4.5 தொடங்கி 4.8 வரை. ‘யதா யதா ஹி தர்மஸ்ய’ அங்கேதான் வருகிறது.

காட்சிகள் வரலாற்று வரிசையில் இல்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. புராணக் களத்தில் தொடங்கி 1910, 1906, 1896, 1906, 1908, 1913 என்று முன்னும் பின்னுமாகப் போகும். அந்த 1896கூடக் கொஞ்சம் தோராயம்தான். காந்தியின் கப்பல் டர்பனை எட்டியது 1896 டிசம்பரில். கூட்டம் அவரைத் தாக்கியதும், காவல் கண்காணிப்பாளரின் மனைவி அலெக்ஸாண்டர் குடையை விரித்துக் காப்பாற்றியதும் 1897 ஜனவரி 13இல். 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கடவுள் மேல் ஆணையிட வேண்டும் என்று எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப். ஒபெராவில் அந்தச் ‘சபத’க் காட்சியின் கனம் காந்தியின் நண்பரான வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் அடிக்குரலில் ஏற்றப்பட்டிருக்கிறது. மேடைக்கு இது தப்பில்லை. வரலாறு படிக்க இதைக் கேட்கிறவருக்கு மட்டும் எச்சரிக்கை.

தமிழ்க் காதுக்கு இந்தப் பதிவில் ஒரு சலுகை உண்டு, அதே சலுகையில் ஒரு கண்ணியும் உண்டு. முடிவில் காந்தி பாடும் ‘மாலைப் பாட’லில் மெட்டு என்று ஒன்றும் இல்லை. ஒரே ஓர் ஆரோகணம், கீழிருந்து மேலாக எட்டுச் சுரம், முப்பது தடவை. மேற்கில் அதைப் பிரிஜியன் என்பார்கள். E சுரத்தை, அதாவது 3 கட்டையை, ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ச ரி1 க2 ம1 ப த1 நி2 ச. கர்நாடக இசையின் எட்டாவது மேளம், ஹனுமத்தோடியின் சுரங்கள் அப்படியே. ஆனால் தோடியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் கிடைக்காது. காந்தாரத்தில் அசைவில்லை, கமகம் எங்கும் இல்லை, அவரோகணமே கிடையாது. ஒவ்வொரு சுரமும் ஆணி அடித்தாற்போல் நிற்கும். தோடியின் உயிர் அசைவில் இருக்கிறது என்று பழகிய காதுக்கு முதல் நான்கைந்து சுற்று வெறும் சரளி வரிசையாகத்தான் படும். கவனத்தைக் குரலிலிருந்து அடியில் நகரும் ஸ்வரக்கூட்டுகளுக்கு மாற்றுங்கள். மேலே ஏறும் படி மாறவில்லை, அடியில் நிறம் மாறுகிறது. ஒரே பஞ்சமம் ஒரு சுற்றில் அமைதியாகவும் அடுத்த சுற்றில் ஏக்கமாகவும் ஒலிப்பது அதனால்தான்.

இன்னொன்று. கீதையின் பெரும்பகுதி அனுஷ்டுப் என்ற சந்தத்தில் அமைந்தது. பாதத்துக்கு எட்டு எழுத்து. ‘பஹூனி மே வ்யதீதானி’, விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். எட்டுச் சுரத்துக்கு எட்டு எழுத்து இயல்பாக உட்காருகிறது. மற்றக் காட்சிகளில் இந்த ஒழுங்கு கிடையாது. குறிலை இழுத்து நெடிலைக் குறுக்கி, சந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கிளாஸ் தன் கணக்குக்கு எழுத்துகளை அடுக்கியிருப்பார். கீதை பாராயணம் பழகியவருக்கு அது உறுத்தும். அந்தக் கணக்கும் ஒரு வகையில் நமக்கு அந்நியமில்லை. 1960களின் நடுவில் பாரிஸில் ரவிசங்கருக்கு ஒரு திரைப்பட இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதித் தரும் வேலையில்தான் அவர் இந்திய லய முறையை, அல்லா ராக்காவின் தபலா வழியாகவும், நெருங்கிப் பார்த்தார். பெரிய தாளத்தைக் கூறு போடாமல், இரண்டும் மூன்றுமான சிறு அலகுகளைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய வழக்கமாயிற்று. தக, தகிட என்று வாயில் போட்டுக்கொண்டே கேட்டால் எந்த இடத்தில் ஒரு அலகு கூடுகிறது, எங்கே கழிகிறது என்பது பிடிபடும். ‘இந்தியன் ஒப்பீனியன்’ காட்சியில் இதைச் செய்து பாருங்கள். அச்சு யந்திரத்தின் வேகத்தில் ஓடுகிற அந்த இசையில் கணக்குத் தவறினால் உடனே தெரியும்.

இனிப் பதிவின் தரம். வாத்தியக் குழுவில் தந்திக் கருவிகள், மரக்குழல் வகைகள், ஒரு ஆர்கன், அவ்வளவுதான். பித்தளை ஊதுகருவிகள் இல்லை, தாளக் கருவிகளும் இல்லை. ஆர்கன் ஆர்மோனியம் போலப் பின்னணியில் நிறைந்திருக்கும். ஓர் அரங்கில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே மூச்சில் எடுத்த பதிவு அல்ல இது. தயாரிப்பு கிளாஸின் நெடுநாள் கூட்டாளிகளான குர்ட் முன்காசியும் மைக்கேல் ரீஸ்மனும். பாப் பாடலுக்குச் செய்வதுபோல் அடுக்கு மேல் அடுக்காக, மைக்கைக் கருவிக்கு அருகில் வைத்து எடுத்த ஸ்டூடியோ ஒலி.

இதில் லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. லாபம், துல்லியம். இந்த இசையில் வயலின்களும் குழல்களும் நிமிடக்கணக்கில் ஒரே வேகத்தில் சின்னச் சின்னச் சுரக்கட்டுகளை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் மூன்றாம் அங்கத்துக்குள் கை சோர்ந்து வேகம் தளும்பும். இந்தத் தட்டில் அந்தத் தளும்பல் ஓரிடத்திலும் கிடையாது. ஒரு சுரம் மாறினாலும் காதில் விழும். நஷ்டம், மூச்சு இல்லை. தந்திக் கருவிகளின் ஒலி தட்டையாக, சில இடங்களில் சிந்தசைசர் வாசிக்கிறதோ என்று சந்தேகிக்க வைக்கும். கோரஸுக்கும் தனிக் குரலுக்கும் நடுவே தூரம் தெரிவதில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பாடுவதுபோல் இருக்கும். ‘கண்டன’க் காட்சியில் கூட்டத்துக்கு முன் ஒருவர் நிற்கிறார் என்ற உணர்வு வர வேண்டும். இதில் வருவதில்லை. படைப்பின் குற்றமல்ல, ஒலிப்பதிவு முறையின் குற்றம்.

பாடகர்களில் பெர்ரிக்கே முதலிடம். 1980 செப்டம்பர் 5இல் ரோட்டர்டாமில் இந்த ஒபெரா அரங்கேறியபோதும் காந்தி அவர்தான். இலேசான டெனர் (ஆண் குரலில் உயர்ந்த வகை), நடுக்கம் குறைவு. இத்தாலிய ஒபெராவின் கதாநாயகன்போல் மார்பைத் தட்டும் குரல் இந்தப் பாத்திரத்துக்கு எமன். பெர்ரி அந்தப் பக்கமே போவதில்லை. மாலைப் பாடலில் முப்பதாவது சுற்றும் முதல் சுற்றைப் போலவே நேராக ஏறும். காந்தியின் செக்ரட்டரி ஷ்லெசினாக வரும் கிளாடியா கம்மிங்ஸின் சொப்ரானோ (பெண் குரலில் உயர்ந்த வகை) மேல்ஸ்தாயியில் கூர்மையானது. மைக் அருகில் இருப்பதால் சின்ன இயர்போனில் காதைக் குத்தும். ஸ்காட் ரீவ் கிருஷ்ணனாகவும் ருஸ்தம்ஜியாகவும் இரண்டு வேடம். கிருஷ்ணனைவிட ருஸ்தம்ஜியில் அவர் தேவலை. ராண்டா லிஸ் கஸ்தூர்பா, ராபர்ட் மக்ஃபார்லண்ட் காந்தியின் நண்பர் காலென்பாக், ஷெரில் வுட்ஸ் திருமதி நாயுடு.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள். உயிர்கள் சுத்தமாக இருக்கின்றன. தகரமும் டகரமும் அமெரிக்க நாக்கில் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன, மூச்சொலி எழுத்துகள் பாதி காணாமல் போகின்றன. கூட்டெழுத்துகளைக் கோரஸ் விழுங்கிவிடுகிறது. வேதம் படித்தவர் முகம் சுளிப்பார். ஆனால் வரியைத் தொடர முடியாத அளவுக்கு மோசமில்லை, புத்தகம் கையில் இருந்தால் இடம் தவறாது.

திருமதி நாயுடு என்ற பெயரில் தமிழ் வாசகர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மொரிஷியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடுவின் குடும்பம், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் நடந்த போராட்டத்தின் முதுகெலும்பு. ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் தொடங்கியபோது அச்சான நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. 1913இல் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் ஒப்பந்தத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அந்தத் தொழிலாளரோடு காந்தி புறப்பட்ட நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சிறையில் நோயுற்று, விடுதலையான கையோடு 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. மூன்றாம் அங்கம் முழுவதும் இந்த நடைப்பயணம்தான். ஆனால் வள்ளியம்மை இதில் பாத்திரமில்லை, சுரங்கத் தொழிலாளருக்குக் கோரஸைத் தாண்டி முகமில்லை. கீதை மட்டுமே பாடல் என்று முடிவு செய்தபின் இதைத் தவிர்க்க வழியில்லைதான். அந்த மக்களில் பலர் வாயில் அன்று இருந்தது தமிழும் தெலுங்கும் என்பதை அறிந்து கேட்கிறவருக்கு ஒரு குறை இருக்கவே செய்யும்.

கேட்கும் முறைக்கு வருவோம். மூன்று அங்கங்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. முதல் நாள் முதல் காட்சியும், நடுவில் எதையும் தொடாமல் மாலைப் பாடலும் போதும். இவை இரண்டும் பிடிக்கவில்லை என்றால் நடுவில் இருப்பது எதுவும் மனதை மாற்றப் போவதில்லை, காசும் நேரமும் மிச்சம். பிடித்தால் அடுத்து இரண்டாம் அங்கத்தை முழுதாகக் கேளுங்கள். மூன்று அங்கங்களில் வேகமும் மாற்றமும் அதிகம் உள்ளது அதுதான். ஒலியளவைத் தாழ்த்தி வேலை செய்துகொண்டே கேட்பது இந்த இசைக்கு ஆகாது. மாற்றங்கள் அத்தனையும் சின்னவை, தாழ்ந்த ஒலியில் அவை மறைந்து திரும்பத் திரும்ப வருவது மட்டும் காதில் நிற்கும். இயர்போனைவிட அறையில் ஒலிபெருக்கி நல்லது. அறையின் எதிரொலி, ஸ்டூடியோ பறித்துக்கொண்ட காற்றில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இயர்போன்தான் வழி என்றால் மேல் அலைவரிசையை ஓரிரு புள்ளி குறையுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் நாலு தொல்லை. ஷஃபிள் ஓடிக்கொண்டிருந்தால் காட்சிகள் கலைந்துவிடும், அதை முதலில் நிறுத்துங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இடைவெளியோ கிராஸ்ஃபேடோ (ஒன்று தேயத் தேய அடுத்தது கலந்து வருவது) வைத்திருந்தால், ஒரே இழையாக ஓட வேண்டிய மூன்றாம் அங்கம் வெட்டுப்படும். ஒலியளவைத் தானே சமன்செய்யும் வசதியையும் அணைத்துவிடுவது மேல், கட்டியெழுப்பிய உச்சம் தட்டையாகாமல் இருக்கும். கடைசியாக, ‘சத்யாக்ரஹா’ என்று தேடினால் மூன்றாம் அங்கத்து முடிவின் பியானோ வடிவமும் ஆர்கன் வடிவமும் சேர்ந்து வரும். டோனால்ட் ஜாய்ஸின் ஆர்கன் வாசிப்பு தனியாகக் கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் குரலே கிடையாது. நடத்துநர் பெயர் கீன் என்று இருக்கிறதா என்று பார்த்தபின் தொடருங்கள். ‘சாங்ஸ் ஃப்ரம் த ட்ரிலஜி’ என்ற தொகுப்பு, ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’, ‘அக்நாதென்’ ஆகிய மற்ற இரண்டு ஒபெராக்களோடு சேர்த்து இதிலிருந்தும் துண்டுகளைத் தரும். ருசி பார்க்கச் சரி, ஆனால் நேரம் எடுத்துக் கட்டும் இசையைத் துண்டாக்கினால் கட்டடம் போய்விடும்.

பழைய சிடிப் பெட்டி வாங்குகிறவர் கையேடு உள்ளே இருக்கிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். அது இல்லாத பெட்டிக்கு ஸ்ட்ரீமிங்கைவிடக் கூடுதல் மதிப்பில்லை. மூன்று தட்டும் இருக்கின்றனவா என்பது அடுத்தது. அந்தக் காலத்துத் தடித்த பெட்டிகளில் கீல் உடைவது சாதாரணம், தட்டு கீறாமல் இருந்தால் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

படமாகவும் பார்க்க முடியும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆகிம் ஃப்ரையர் மேடையேற்றியது டிவிடியாக வந்தது. டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் நடத்த லியோ கெகே காந்தியாகப் பாடுகிறார். வரலாற்றைத் தேடுகிறவருக்கு அது இன்னும் குழப்பம், ஓவியக் கனவுபோல் போகும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒபெரா 2011 நவம்பரில் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பிய மேடையேற்றம் வேறு ரகம். ஃபெலிம் மக்டெர்மாட்டும் ஜூலியன் க்ரௌச்சும் செய்தித்தாள், ஒட்டுநாடா, தகரச் சுவர் ஆகியவற்றை வைத்தே பிரம்மாண்டமான பொம்மைகளை உருவாக்கியிருப்பார்கள். சுலோகத்தின் பொருள் தேவையான இடத்தில் மட்டும் அந்தத் தகரத்தின் மேல் விழும். ரிச்சர்ட் க்ராஃப்ட்டின் காந்தி பெர்ரியைவிடக் கனிந்தவர், நேரடி நிகழ்ச்சியானதால் வாத்தியக் குழுவுக்கு மூச்சும் இருக்கிறது. மெட் ஒபெராவின் சொந்த ஸ்ட்ரீமிங் சேவையில் சந்தா கட்டிப் பார்க்கலாம். ஒன்றுதான் முடியும் என்பவர் அதைப் பார்க்கட்டும். கணக்கும் சுரமும் தெளிவாகக் காதில் விழ வேண்டும், கீதை வரியை விரலால் தொட்டுத் தொடர வேண்டும் என்பவருக்கு 1985 பதிவுதான்.